கண்டம் செய்ய இவர்கள் யார்?



அரசு அலுவலகத்தில் ஒரு நாற்காலியின் கால் உடைந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட முடியாது. எழுத்தராக இருந்த என்னைப் போன்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இருப்புப் பதிவேட்டில் அந்த நாற்காலிக்கு ஒரு எண் இருக்கும். தச்சரை அழைத்துக் காட்ட வேண்டும். இனிச் சரிசெய்ய இயலாது என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். அதன் மேல் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். பிறகு ஏலம். ஏலப் பணம் கட்டிய சலான் வந்த பிறகுதான் அந்த எண்ணின் மேல் சிவப்பு மையால் கோடு போடுவோம். இதற்குப் பெயர் கண்டம் செய்வது. 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல் நம் அலுவலகங்களில் நாக்கில் புரண்டு 'கண்டம்' ஆகிவிட்டது. ஜோசியர் சொல்கிற கண்டமும் இதுவும் ஒன்றுபோல் ஒலிப்பது பொருத்தம்தான்.

மத்திய அரசின் பொது நிதி விதிகளில் இதற்கு ஒரு விதி உண்டு. ஒரு பொருள் உபரி, பழையது, உதவாதது என்று முடிவு செய்தால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதைப் பதிவு செய்பவர் அந்தப் பொருளை வாங்கும் அதிகாரம் உடையவராக இருக்க வேண்டும். எவ்வளவு நியாயமான விதி பாருங்கள். வாங்குகிறவருக்குத்தான் கழிக்கிற உரிமை. விற்றவருக்கு அல்ல.

இப்போது உங்கள் வீட்டுப் பரணை அண்ணாந்து பாருங்கள். நம் பகுதியில் பல வீடுகளில் அங்கே ஒரு மடிக்கணினி இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தில் வந்தது. பிளஸ் டூ படித்த பிள்ளைக்கோ கல்லூரிக்குப் போன பிள்ளைக்கோ எல்காட் நிறுவனம் வழியாக வாங்கிக் கொடுத்தது. பிள்ளை படித்து முடித்து வேலைக்கோ கல்யாணமாகியோ போயிருக்கும். கணினி மட்டும் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் துணி சுற்றிக் கிடக்கும். கேட்டால், "அது போயிருச்சுங்கய்யா" என்பார்கள்.

போயிருச்சு என்று யார் சொன்னது? எந்தத் தச்சர் பார்த்தார்? எந்தக் காரணம் எழுதப்பட்டது? இதுதான் என் கேள்வி.

எங்கள் ராசிங்காபுரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் நல்ல போன் ஒன்றே ஒன்று. அது அம்மாவோடு போடி மெட்டு ஏறிவிடும். பொழுது சாயும்போதுதான் இறங்கி வரும். இளைய மகள் கல்லூரியில் முதலாண்டு. பாடக் குறிப்பு எல்லாம் பிடிஎஃப் கோப்பாக வருகிறது. கட்டுரையைத் தட்டச்சு செய்துதான் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளை போடிக்குப் பேருந்து ஏறி பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் அக்காவுக்கு 2014இல் அரசு கொடுத்த மடிக்கணினி பரணில் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியைத் திறந்து பட்டனை அழுத்தினார். ஒரு நிமிடம் பார்த்தார். "இது கண்டம் ஐயா. எடைக்குப் போட்டா முந்நூறு ரூபா கிடைக்கும். புதுசு முப்பத்தஞ்சாயிரத்துல இருந்து இருக்கு" என்றார். திருப்புளியைக் கையில் எடுக்கவே இல்லை. ஒரு திருகாணிகூடக் கழற்றாமல் கண்டம் செய்கிற அதிகாரம் எங்கள் காலத்தில் மாவட்ட ஆட்சியருக்கே கிடையாது.

எனக்கு மின்னணுவியல் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஆய்வுக் குறிப்பு எழுதுவது. ரிப்பேர் வேலை தெரிந்த ஒரு தம்பியைக் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு உருப்படியாக எழுதினேன்.

ஒன்று, பேட்டரி. செத்துவிட்டது. கழற்றி வைத்துவிட்டு சார்ஜரை மட்டும் மாட்டினால் கணினி ஓடுகிறது. கரண்ட் போனால் நிற்கும், அவ்வளவுதான்.

இரண்டு, கடிகாரம். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சின்ன பேட்டரி உண்டு. கணினி அணைந்திருக்கும்போது தேதியை நினைவு வைத்துக்கொள்வது அதுதான். அது தீர்ந்துபோனால் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி பின்னால் போனால் பல இணையப் பக்கங்கள் திறக்காது. ஏனென்றால் ஒவ்வொரு பாதுகாப்பான பக்கமும் ஒரு சான்றிதழ் காட்டும். அதில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். கணினி தன்னை 2014இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கதவைச் சாத்திவிடும். திரையில் வருவதோ பெரிய சிவப்பு எச்சரிக்கை. பார்த்தவர்கள் வைரஸ் என்று பயந்து மூடிவிடுவார்கள். 50 ரூபாய் பேட்டரிக்காக எத்தனை கணினிகள் பரண் ஏறினவோ.

மூன்று, ஹார்ட் டிஸ்க். சுழல்கிற தட்டு வயதாகித் திணறியது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வைத்தோம். 1,450 ரூபாய்.

நான்கு, ராம். இந்தத் திட்டத்தின் ஆரம்பக் கணினிகளில் 2 ஜிபிதான். இன்றைய இணையப் பக்கங்களுக்கு அது போதாது. பழையதில் கழற்றிய 4 ஜிபி துண்டு 650 ரூபாய்க்குக் கிடைத்தது.

ஐந்து, விசிறி. தூசியும் ஒரு பல்லியின் எலும்பும் இருந்தன. பெயிண்ட் பிரஷ் போதுமானதாக இருந்தது.

ஆறு, இயங்குதளம். அதில் இருந்ததற்கு ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது. அழித்துவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினோம். செலவு ஒன்றுமில்லை. தமிழ்99 விசைப்பலகையும் வைத்துக்கொள்ளலாம்.

மொத்தம் 2,150 ரூபாய். அந்தப் பிள்ளை பகலில் இணையம் இல்லாமல் படிக்கிறாள், தட்டச்சு செய்கிறாள். மாலையில் அம்மா இறங்கி வந்ததும் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு அனுப்பவேண்டியதை அனுப்புகிறாள். "தாத்தா, இது அக்கா கம்ப்யூட்டர் மாதிரியே இல்ல" என்றாள். அக்காவின் கம்ப்யூட்டர்தான் அது. நடுவில் யாரோ அதைச் செத்ததாக அறிவித்துவிட்டார்கள்.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் வாடகை, குடும்பம் இருக்கிறது. ரிப்பேரில் வருவதைவிடப் புதியதை விற்பதில் அதிகம் வரும். என் கோபம் இதைவிட மேலே இருப்பவர்கள்மேல்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இல் ஆதரவு நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால், குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2018க்குப் பிந்தைய செயலியும் வேண்டும் என்று நிபந்தனை. அதற்கு முந்தைய கணினி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் முறைப்படி இடமில்லை. இதில் எந்தக் கணினியையாவது யாராவது திறந்து பார்த்தார்களா? ஒரு தேதியைக் குறித்தார்கள். உலகம் முழுவதும் பெட்டிகள் ஒரே நாளில் கண்டம் ஆகின.

அதோடு, இணையத்தின் பூட்டையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய குறியாக்க முறைகளைப் பெரிய உலாவிகள் 2020இல் கைவிட்டன. 2021 செப்டம்பர் 30 அன்று, பல லட்சம் இணையதளங்களின் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. அன்று பழைய போன்களும் கணினிகளும் நேற்றுவரை திறந்த பக்கங்களைத் திறக்க மறுத்தன. வீடு அதே வீடு. சாவி துருப்பிடிக்கவில்லை. பூட்டை மாற்றிவிட்டார்கள்.

பூட்டை மாற்றியதில் நியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பழைய பூட்டைத் திறக்கத் திருடர்கள் கற்றுக்கொண்டார்கள். வங்கிப் பணம் போகக் கூடாது. ஆதரவு நின்றுபோன இயங்குதளத்தை வைத்துக்கொண்டு வங்கி வேலை செய்யாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பூட்டை மாற்றினால் அந்த வீட்டில் உரிமை உள்ளவருக்குப் புதுச் சாவி கொடுக்க வேண்டுமா, அல்லது வீட்டையே இடித்துக் கட்டு என்று சொல்ல வேண்டுமா? லினக்ஸ்காரர்கள் சாவி கொடுக்கிறார்கள். அதுவும் இலவசமாக. ஆகவே, சாவி செய்ய முடியாது என்று சொல்வதற்கு வழியில்லை.

லினக்ஸ் பக்கமும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் பதிப்பு, மிகப் பழைய 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. நம் பரண் கணினிகள் 2011க்குப் பிந்தையவை, பெரும்பாலும் 64 பிட். ஆகவே இப்போதைக்குத் தப்பித்தோம்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். என்னோடு படித்துப் பிரான்சுக்குப் போன நண்பர்கள் 1980களில் விடுமுறைக்கு வரும்போது மினிடெல் பற்றிப் பெருமை பேசுவார்கள். சின்னத் திரையும் விசைப்பலகையும் சேர்ந்த ஒரு பெட்டி. 1982இல் நாடு முழுக்கத் தொடங்கினார்கள். தொலைபேசித் துறை அதை வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. அதில் தொலைபேசி எண் தேடலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம். நம் ஊரில் ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலம் அது! 2012 ஜூன் 30 அன்று அந்தச் சேவையை மூடினார்கள்.

பெட்டிகள் செத்தனவா? இல்லை. அதன் பின்பக்கம் வட்டமான ஒரு துளை உண்டு. அதில் சீட்டுக்கட்டு அளவுள்ள ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை இணைத்து, அதே மினிடெல் திரையில் இன்றைய இணையத்தின் எழுத்துகளைப் படிக்கிறார்கள். பிரெஞ்சில் இப்படிப்பட்டவர்களை 'பிரிக்கொலேர்' என்பார்கள். கையில் கிடைத்ததை வைத்துத் தானே செப்பனிட்டுக்கொள்பவர். எங்கள் ஊரில் ஜீப் மெக்கானிக்குகள் எல்லோரும் பிரிக்கொலேர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் மலைக்கு ஒரு ஜீப்பும் ஏறாது.

அமெரிக்காவிலும் இதே கதை. 1986 ஜனவரியில் மெக்கின்டோஷ் பிளஸ் என்று ஒரு கணினி வந்தது. திரையும் கணினியும் ஒரே பெட்டியில். 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. நினைவகம் 1 எம்பி. நம் பரண் கணினியின் 2 ஜிபியில் அதைப்போல இரண்டாயிரம் அடங்கும். அந்த மாதிரிப் பெட்டிகளை இன்றும் ஓட்டுகிறார்கள். கசிந்துபோன மின்தேக்கிகளைக் கழற்றிப் புதியது பற்றவைக்கிறார்கள். பழைய டிஸ்க் இருந்த இடத்தில் மெமரி கார்டு வைக்கிறார்கள். இணையத்துக்கு நடுவில் ஒரு சிறு கணினியை மொழிபெயர்ப்பாளர்போல உட்கார வைக்கிறார்கள். அது புதுப் பூட்டைத் திறந்து, பக்கத்தின் பாரத்தைக் குறைத்து, பழைய பெட்டிக்குப் புரிகிற மாதிரி கொடுக்கிறது. நாற்பது வயதுப் பெட்டி இணையத்தைப் படிக்கிறது. அங்கே இது பொழுதுபோக்கு. இங்கே பதினொரு வயதுக் கணினியை ஓட வைப்பது ஒரு பிள்ளையின் படிப்பு. அவர்கள் ஆசைக்குச் செய்வதை நாம் தேவைக்குச் செய்யக் கூடாதா?

பொருள்களுக்கு முன்கூட்டியே சாவு நாள் குறிப்பதைப் பிரெஞ்சில் 'ஒப்சொலெசான்ஸ் ப்ரோக்ராமே' என்பார்கள். 2015 ஆகஸ்டில் வந்த சட்டத்தின்படி அங்கே அது குற்றம். இரண்டாண்டு சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் விதிக்கலாம். 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணினி, செல்போன், தொலைக்காட்சி போன்றவற்றை விற்கும்போது எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. அதே டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் போடிக் கடைகளில் எந்தப் பெட்டியின் மேலும் அந்த மதிப்பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை.

"பழசைக் கட்டிக்கொண்டு அழுவானேன், முன்னேற வேண்டாமா?" என்று என் வயதுக்காரர்களே கேட்கிறார்கள். போடிக்காரர்களிடம் இந்தப் பேச்சு செல்லாது. மதுரைக்கு ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயிலை அகலப் பாதை ஆக்குகிறோம் என்று 2010 இறுதியில் நிறுத்தினார்கள். போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூன் 15 அன்று. அகலப் பாதை நல்லதுதான், நானும் அதில்தான் போகிறேன். ஆனால் நடுவில் போன பன்னிரண்டு வருடம்? கார் வைத்திருந்தவருக்கு அது தெரியவே இல்லை. பேருந்தில் நின்றுகொண்டு போனவருக்குத்தான் தெரியும். கணினியிலும் அப்படித்தான். புதியது வாங்க முடிந்தவருக்கு ஒரு சாயங்கால வேலை. முடியாதவருக்கு அது இரண்டு மூன்று வருடப் படிப்பு.

"எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே" என்பது இன்னொரு வாதம். போனில் படம் பார்க்கலாம். பத்துப் பக்கக் கட்டுரையைப் போனில் தட்டச்சு செய்து பாருங்கள், பிறகு பேசுவோம். அந்தப் போனும் மலைக்குப் போய்விட்டால்?

"எடைக்குப் போட்டால் மறுசுழற்சி ஆகிவிடும்" என்பது மூன்றாவது. ஐக்கிய நாடுகள் சார்பில் 2024இல் வந்த அறிக்கை, 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் எங்கே எரிகிறது, எந்த ஆற்றில் கரைகிறது என்று யாருக்கும் கணக்கில்லை.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. மெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள்தான். கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்காகவே ஒரு லினக்ஸ் தயாரித்துக் கொடுக்கிறது. மாணவர்களைச் சேர்த்து 'லிட்டில் கைட்ஸ்' என்ற குழுக்களும் வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் இல்லாமல் இல்லை. உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே நிறுவனத்தை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அந்த வழியில் தொடர்ந்து நடந்திருந்தால் நம் பரண்கள் இன்று காலியாக இருந்திருக்கும்.

2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழக அரசு அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். கூடவே மூன்று வரி கேட்கிறேன். கொடுக்கும் கணினிக்கு எத்தனை ஆண்டு மென்பொருள் ஆதரவு என்று பெட்டியின் மேல் எழுதுங்கள். ராம், டிஸ்க், பேட்டரி மூன்றையும் திருப்புளியால் மாற்ற முடிகிற மாதிரி மட்டும் வாங்குங்கள். அரசு இணையப் பக்கங்கள் பத்து வருடப் பழைய கணினியில் திறக்கின்றனவா என்று சோதித்த பிறகு வெளியிடுங்கள். பட்டா எடுக்கவும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் வருகிறவர் கையில் எந்த வருடத்துக் கணினி இருக்கும் என்று அந்தப் பக்கத்தைச் செய்தவர் ஒரு நாள் ராசிங்காபுரத்துக்கு வந்து பார்க்கட்டும்.

நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் கிடப்பதைக் கீழே இறக்குங்கள். துணியால் துடையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜர் மாட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஏதாவது வெளிச்சம் வந்தால் அது சாகவில்லை. தேதி சரியா என்று பாருங்கள். பிறகு திருப்புளி எடுக்கத் தயாராக இருக்கிற ஒருவரிடம் கொண்டுபோங்கள். எடைக்குப் போடச் சொன்னால், "காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க தம்பி" என்று கேளுங்கள். ஒருவரும் எழுதித் தர மாட்டார்கள். எழுதித் தராதவரை அந்த எண்ணின் மேல் சிவப்புக் கோடு விழக் கூடாது.